காட்டைக் காப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்? சுற்றுச்சூழல் நீதிக்கு ஓர் எளிய அறிமுகம்

தை, மாசியில் கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசாமி மலையில் (பி.ஆர். மலை) வாழும் சோளகர் பழங்குடியினர் ஒரு காலத்தில் காட்டுக்குத் தீ வைப்பார்கள். படித்ததும் பதறுகிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அது நாம் செய்திகளில் பார்க்கும் காட்டுத்தீ இல்லை. தரையில் கிடக்கும் சருகை மட்டும் தின்றுவிட்டு அணைந்துபோகும் தீ. அவர்கள் மொழியில் அதற்குத் 'தரகு பெங்கி' என்று பெயர். தரகு என்றால் சருகு, பெங்கி என்றால் நெருப்பு. கோடை முற்றிக் காடே காய்ந்து கிடக்கும்போது வைத்தால் ஆபத்து. அதனால் மண்ணிலும் புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே வைத்துவிடுவார்கள். தீ தாழவே ஓடும், மரத்தில் ஏறாது.

எதற்காக வைத்தார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் பல காரணம் சொல்வார்கள். தடம் தெளிவாகும், யானையோ கரடியோ நிற்பது தூரத்திலேயே தெரியும். முதல் மழைக்கு இளம்புல் முளைத்து மானும் காட்டெருமையும் மேய வரும். நெல்லி மரத்தில் ஒட்டி அதன் சாற்றை உறிஞ்சும் புல்லுருவி கட்டுக்குள் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சருகு வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடுவதால், பெருந்தீ பிடிப்பதற்கு விறகு சேராது.

1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974இல் அந்த மலை சரணாலயம் ஆனது. சோளகர்களின் இடம்பெயர் விவசாயம், வேட்டை, சருகு நெருப்பு மூன்றும் நின்றன. உள்காட்டில் இருந்த குடியிருப்புகள் பல ஓரத்துக்கு நகர்த்தப்பட்டன. வேட்டை நின்றது நல்லதுதான் என்று நாம் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் தீ நின்றதை அப்படிச் சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தக் காட்டின் தரையை உண்ணிச்செடி மூடிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் அழகுச்செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்த செடி அது. ஆள் உயரத்துக்கு மேல் புதராக மண்டி, கீழே புல்லையும் மரக்கன்றையும் வளரவிடாது. கோடையில் தீப்பிடித்தால் அந்தப் புதரே ஏணியாகி நெருப்பை மரத்தின் கொம்புக்கு ஏற்றிவிடும். சின்னத் தீயை நிறுத்தியதால் பெரிய தீக்கு வழி விட்டோம் என்பது சோளகர்களின் வாதம். அந்த மலையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த சூழலியலாளர்களும் இதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய வாதம் என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். புதர் ஏற்கெனவே மண்டிவிட்ட இடத்தில் இன்று போய்த் தீ வைத்தால் கேடுதான் மிஞ்சும். போன அறிவை அப்படியே எடுத்து ஒட்டவைக்க முடியாது.

இந்தக் கதையில் என்னை விடாமல் உறுத்துவது ஒன்றுதான். 1974இல் முடிவெடுத்தவர்கள் அந்தக் காட்டை நன்றாக அறிந்த மனிதர்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவர்கள் அறிவைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அன்றைய சட்டத்தில் இல்லை. சுற்றுச்சூழல் நீதி என்ற சொல் இந்த இடத்தைத்தான் தொடுகிறது.

சொல் எங்கிருந்து வந்தது

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வாரன் கவுண்டி என்றொரு பகுதி. சாலையோரங்களில் திருட்டுத்தனமாகக் கொட்டப்பட்ட நச்சு எண்ணெயால் கெட்டுப்போன மண்ணை எங்காவது புதைக்க வேண்டியிருந்தது. அரசு தேர்ந்தெடுத்த இடத்தில் பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்தார்கள். 1982இல் லாரிகள் வந்தபோது மக்கள் சாலையில் படுத்தார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். குப்பைக் குழியைத் தடுக்க முடியவில்லை. ஆனால் ஒரு கேள்வி பிறந்தது. நாடு முழுக்கக் கழிவு கொட்டும் இடங்கள் ஏன் ஒரே மாதிரியான மனிதர்களின் வாசலிலேயே இருக்கின்றன? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பெயர்தான் சுற்றுச்சூழல் நீதி.

அங்கே பேச்சு கழிவைப் பற்றி. காட்டுக்கு வந்தால் அதே கேள்வி தலைகீழாகும். இங்கே யாரும் நஞ்சைக் கொட்டவில்லை, நல்ல காரியம்தான் நடக்கிறது: புலியைக் காக்கிறோம், காட்டைக் காக்கிறோம். நல்ல காரியம் என்பதாலேயே அதன் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

இந்தத் துறையில் எழுதுபவர்கள் நீதியை மூன்று பக்கமாகப் பிரித்துப் பார்ப்பார்கள். நன்மையும் சுமையும் எப்படிப் பங்காகின்றன என்பது ஒன்று. முடிவெடுக்கும் இடத்தில் பாதிக்கப்படுபவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்பது இன்னொன்று. அவர்களையும் அவர்கள் அறிவையும் வழிபாட்டையும் வாழும் முறையையும் ஒரு பொருட்டாக மதிக்கிறோமா என்பது மூன்றாவது. இதை அங்கீகாரம் என்பார்கள். என் பார்வையில் மூன்றாவதுதான் வேர். மதிக்காத மனிதரை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாதவருக்குப் பங்கும் வருவதில்லை.

பங்கு என்பது இங்கே என்ன?

பி.ஆர். மலைக்கே திரும்புவோம். சோளகர்கள் தேன், நெல்லிக்காய், கல்பாசி போன்றவற்றைச் சேகரித்துத் தங்கள் கூட்டுறவுச் சங்கம் வழியாக விற்றுவந்தார்கள். கையில் புரளும் காசில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வந்தது. சரணாலயத்துக்குள் விற்பனைக்காகச் சேகரிக்கக் கூடாது என்று 2006இல் தடை வந்தது. காட்டில் நெல்லி காய்த்தது, பறிக்க வேண்டியவர்கள் காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள். அதே காட்டுக்குள் கே. குடியில் மாநில அரசின் சுற்றுலா விடுதி இருக்கிறது. பணம் கட்டிய பயணிகளை ஏற்றிக்கொண்டு ஜீப் போகும். ஜீப் போவதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரே காட்டில் தேன்கூடையோடு நடப்பவர் குற்றவாளி ஆகிறார், கேமராவோடு வருபவர் விருந்தாளி ஆகிறார். பங்கீடு கோணிப்போவது என்றால் இதுதான்.

காட்டின் நன்மை ஊரெங்கும் பரவுகிறது. மலைக்காடு தேக்கிவைக்கும் நீர் ஆறாகி நகரத்துக் குழாயில் வருகிறது. யானை வந்து மிதித்த ராகி வயலின் நட்டமோ அந்த ஒரு குடும்பத்தோடு நின்றுவிடுகிறது.

எப்படி இந்த நிலை வந்தது

காட்டு ஓரத்து மனிதர்கள் எப்போது 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார்கள் என்று தேடிப் போனால் ரயில் தண்டவாளத்தில் வந்து நிற்போம். 1850களுக்குப் பிறகு ஆங்கில அரசு இருப்புப்பாதை போடப்போட, தண்டவாளத்துக்கு அடியில் வைக்கும் கட்டைகளுக்குத் தேக்கும் சாலும் தேவதாருவும் ஏராளமாகத் தேவைப்பட்டன. 1864இல் ஜெர்மானியரான டீட்ரிக் பிராண்டிஸ் தலைமையில் வனத்துறை அமைந்தது. 1865இல் முதல் வனச் சட்டம், 1878இல் அதைவிடக் கடுமையான இன்னொன்று. ஒரு கோடு போட்டு, 'இதற்கு உள்ளே இருப்பது அரசின் காடு, இனி இங்கே நுழைவது சலுகை, உரிமை இல்லை' என்று சொல்லிவிட்டது சட்டம்.

அன்றைய மதராஸ் மாகாணத்தின் வருவாய் வாரியம் இதை எதிர்த்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த மாகாணத்தில் ஏதாவது ஓர் ஊரின் எல்லைக்குள் வராத காடு அநேகமாக இல்லை, தேக்கு, சந்தனம், ஏலம் போன்றவற்றுக்கு வரி வாங்கியது தவிர அரசு இவற்றின் மேல் சொத்துரிமை கொண்டாடியதும் இல்லை என்ற கருத்தில் 1871இல் அது எழுதியது. வெள்ளை அதிகாரிகளே எழுதிய கோப்பு அது. ஆனாலும் 1882இல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டின் காப்புக்காடுகள் அதன் கீழ்தான் அறிவிக்கப்பட்டன. பெயர் மாறி அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு நோக்கம் மாறியது. மரம் வெட்டுவதற்காக மூடிய காட்டை, வனவிலங்குக்காக மூடினோம். மூடிய விதம் மட்டும் மாறவில்லை. 1872இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்கா அமைந்த பிறகு உலகம் முழுக்கப் பரவிய எண்ணம் ஒன்று உண்டு: மனிதர் இல்லாத காடுதான் உண்மையான காடு. அந்தப் பூங்காவிலிருந்தும் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்டார்கள். இந்த முறையை ஆய்வாளர்கள் 'கோட்டைக் காப்பு' என்று அழைக்கிறார்கள். மதில் எழுப்பி, காவல் வைத்து, உள்ளே இருப்பவரை வெளியேற்றிக் காப்பது.

கோட்டைக்குக் காவல் போட்டால் போதும் என்பவர்கள் சரிஸ்காவை நினைத்துப் பார்க்க வேண்டும். ராஜஸ்தானில் உள்ள அந்தப் புலிகள் காப்பகத்தில் காவலும் நிதியும் இருந்தன. 2005 தொடக்கத்தில் அங்கே ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று தெரியவந்தது. கள்ளவேட்டை. பிரதமர் அமைத்த பணிக்குழு, சூழலியல் செயல்பாட்டாளர் சுனிதா நாராயண் தலைமையில் நாடெங்கும் சென்று பார்த்தது. காப்பகத்தைச் சுற்றி வாழும் மக்களைப் பகைத்துக்கொண்டு புலியைக் காக்க முடியாது என்று அதே ஆண்டு அறிக்கை தந்தது.

கணக்குக் கேட்க ஆளில்லாத அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமக்கு வெளிமாநிலம் தேவையில்லை. தர்மபுரி மாவட்டம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், மக்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வர 19 ஆண்டுகள் ஆயின. அதற்குள் 54 பேர் இறந்துபோக, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011இல் தர்மபுரி நீதிமன்றம் அறிவித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. காட்டுவளத்தைக் காக்கிறோம் என்ற பெயரில் நடந்தது இது. சுற்றுச்சூழல் நீதி பற்றிப் பேசும் எந்தத் தமிழ்க் கட்டுரையும் வாச்சாத்தியைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

வன உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது

2006 டிசம்பரில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பெயர் நீளம்: பட்டியல் பழங்குடியினர் மற்றும் இதர பாரம்பரிய வனவாழ் மக்கள் வன உரிமை அங்கீகாரச் சட்டம். நாம் வன உரிமைச் சட்டம் என்போம். அதன் முகப்புரையிலேயே, இந்த மக்களுக்கு 'வரலாற்று அநீதி' இழைக்கப்பட்டது என்று அரசே ஒப்புக்கொள்கிறது. ஒரு சட்டம் இப்படித் தொடங்குவது அபூர்வம்.

பெயரில் உள்ள 'அங்கீகாரம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். புதிதாக நிலம் கொடுக்கும் சட்டம் இல்லை இது. ஏற்கெனவே இருந்த, எழுத்தில் ஏறாத உரிமையை எழுத்தில் ஏற்றும் சட்டம். பலரும் இதைக் 'காட்டைப் பட்டா போட்டுக் கொடுக்கிறார்கள்' என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்திருக்க வேண்டும். மற்றவர்கள் என்றால் அந்த நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் அந்தக் காட்டை நம்பி வாழ்ந்திருக்க வேண்டும். உழும் நிலத்துக்கு அதிகபட்சம் 4 ஹெக்டேர். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. மணமானவர் என்றால் பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். நேற்று வந்து மரத்தை வெட்டிக் கொட்டகை போட்டவருக்கு இதில் இடமே இல்லை.

தனி நிலம் சிறிய பகுதிதான். சட்டத்தின் உயிர் சமூக உரிமையில் இருக்கிறது. சிறு வன மகசூல், அதாவது மரம் அல்லாத காட்டு விளைபொருள், சேகரிக்கவும் விற்கவும் உரிமை, மேய்ச்சல் உரிமை, நீர்நிலை உரிமை. இவற்றுக்கும் மேலாக, ஓர் ஊர் காலங்காலமாகப் புழங்கிவந்த காட்டை அந்த ஊரே காக்கவும் புதுப்பிக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை. அந்தக் காட்டின் வனவிலங்கையும் மரத்தையும் நீரையும் பாதுகாக்கும் அதிகாரத்தைச் சட்டம் கிராம சபையிடம் தருகிறது. காக்கும் உரிமை என்பதே ஓர் உரிமை என்று சொல்லும் சட்டம் இது.

நடைமுறை கிராம சபையில் தொடங்கும். சபை கூடி, 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். குழு நேரில் போய் எல்லையைப் பார்த்து அறிக்கை தரும், சபை தீர்மானம் போடும். பிறகு கோட்ட அளவிலான குழு, அதற்கு மேல் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. உரிமை சரிபார்க்கும் வேலை முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல். கிராம சபை என்றதும் நமக்கு ஊராட்சியின் சபைதான் நினைவுக்கு வரும். ஓர் ஊராட்சிக்குள் பத்துக் குக்கிராமங்கள் இருக்கலாம், அவற்றில் தொட்டி எனப்படும் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்தப் பெரிய சபையில் அவர்கள் குரல் எடுபடாது. அதனால்தான் தொட்டி அளவிலான, குக்கிராம அளவிலான சபையையே இந்தச் சட்டம் மனத்தில் வைத்திருக்கிறது. சபையை எந்த அளவில் கூட்டுகிறோம் என்பதிலேயே பாதி நீதி முடிவாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இது மிகத் தாமதமாகத்தான் அசைந்தது. விண்ணப்பங்களைப் பரிசீலிக்கலாம், ஆனால் பத்திரம் கொடுக்குமுன் நீதிமன்றத்தின் உத்தரவு பெற வேண்டும் என்று 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவு பல ஆண்டுகள் கையைக் கட்டிவைத்திருந்தது. நாடு முழுவதற்குமான அதிர்ச்சி 2019இல் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றும்படி பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தொடர்பான விஷயம். நிராகரிப்புகள் முறையாகத்தான் நடந்தனவா என்ற கேள்வி எழ, அதே மாதம் 28ஆம் தேதி அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது.

எழுத்தில் இருந்தது மண்ணில் இறங்கியபோது

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடிக் கிராமம். 'டெல்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு' என்பது அவர்கள் முழக்கம். 2009இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்குச் சமூக உரிமை பெற்றார்கள். நாட்டிலேயே முதல் சிலவற்றில் ஒன்று. அந்தக் காட்டின் செல்வம் மூங்கில். வெட்டி விற்கப் போனபோது வனத்துறை தடுத்தது. காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும்: 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தில் மூங்கில் ஒரு மரம். மரம் என்றால் அரசுக்கு. தாவரவியலில் மூங்கில் புல் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2006 சட்டமோ மூங்கிலைச் சிறு வன மகசூல் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2011 ஏப்ரலில் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊருக்கே வந்து, மூங்கிலை வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையின் கையில் கொடுத்தார். அந்தச் சீட்டு இல்லாமல் உரிமைப் பத்திரம் வெறும் காகிதம். எதை மரம் என்பது, எதைப் புல் என்பது, சீட்டில் யார் கையெழுத்துப் போடுவது: நீதி இப்படிச் சின்னச் சின்ன இடங்களில்தான் கிடைக்கிறது, இல்லை சிக்கிக்கொள்கிறது. 1927 சட்டத்தில் மூங்கில் மரப் பட்டியலிலிருந்து நீங்கியது 2017இல்தான்.

முடிவெடுக்கும் உரிமை என்றால் என்ன என்பதற்கு ஒடிசாவின் நியாம்கிரி மலையைவிடத் தெளிவான பாடம் இல்லை. டோங்கிரியா கோண்டு மக்களுக்கு அந்த மலை தெய்வம், நியாம ராஜாவின் வீடு. மலை உச்சியில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருந்தது, வேதாந்தா நிறுவனத்துக்காக அதைத் தோண்டத் திட்டம் இருந்தது. சுரங்கம் தங்கள் சமய, பண்பாட்டு உரிமைகளைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே கூடிச் சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலை, ஆகஸ்டில் 12 ஊர்களில் சபை கூடியது. மாவட்ட நீதிபதி உட்கார்ந்து பார்த்தார். 12 சபைகளும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. மலையில் இருந்த காட்டைக் காத்தது அந்தத் தீர்மானங்கள்தான். காட்டுக்கு மக்கள் எதிரி என்ற கதையை நியாம்கிரியில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், நிற்காது.

ஆனால் இந்த அதிகாரம் நிலையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். காட்டை வேறு வேலைக்குக் கொடுப்பதற்கு முன் சம்பந்தப்பட்ட கிராம சபையின் ஒப்புதல் வேண்டும் என்று மத்திய அமைச்சகம் 2009இல் சுற்றறிக்கை அனுப்பியது. 2022இல் வந்த புதிய விதிகள் அந்தப் பொறுப்பை மாநில அரசுகளின் பக்கம் தள்ளிவிட்டன. மத்திய அரசு முதலில் ஒப்புதல் தந்துவிடலாம், உரிமைகளை மாநிலம் பிறகு பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. திட்டம் முடிவான பிறகு ஊரைக் கேட்பது, தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பதைப் போல.

கேட்டுவிட வேண்டிய கேள்வி

'மக்கள் கையில் கொடுத்தால் காட்டை அழித்துவிட மாட்டார்களா?' நேர்மையான கேள்வி, கோபப்பட வேண்டியதில்லை. பொதுச் சொத்தை ஆளாளுக்குச் சுரண்டி முடித்துவிடுவார்கள் என்று 1968இல் அமெரிக்கச் சூழலியலாளர் கேரட் ஹார்டின் எழுதிய கட்டுரை இந்த அச்சத்துக்கு அறிவியல் சாயம் பூசியது. அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம் பல நாடுகளின் காடு, மீன்பிடி, பாசனம் எல்லாவற்றையும் ஆராய்ந்தார். தெளிவான எல்லை, தாங்களே வகுத்த விதி, மீறினால் படிப்படியான தண்டனை, வெளி அதிகாரம் அந்த விதியை மதிப்பது. இவை இருக்கும் இடங்களில் மக்கள் பொதுவளத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறார்கள் என்று காட்டினார். 2009இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. நம்மூர்க் குடிமராமத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஏரி மடையை யார் எப்போது திறப்பது என்று ஊரே முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது.

நேபாளம் 1993இல் சட்டம் போட்டுக் காட்டை ஊர்க் குழுக்களிடம் கொடுத்தது. இன்று அங்கே 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. 1992இல் நாட்டின் பரப்பில் 26 விழுக்காடாக இருந்த காடு 2016இல் 45 விழுக்காடு ஆனது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு கூறுகிறது. இளைஞர்கள் வெளிநாடு போய் வயல்கள் தரிசானதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் மக்கள் கையில் கொடுத்ததால் காடு அழியவில்லை.

அதற்காக ஊர் என்றாலே புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊருக்குள்ளும் மேல், கீழ் உண்டு. சபையில் ஆண்கள் பேச, விறகும் கிழங்கும் எடுக்க அன்றாடம் காட்டுக்குப் போகும் பெண்கள் பின்வரிசையில் இருப்பார்கள். பணம் காட்டி ஊரைப் பிளக்கும் இடைத்தரகர்களும் வருவார்கள். எல்லாரும் எல்லாக் காலத்திலும் காட்டைக் காப்பார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. வனத்துறைக்கும் அந்த உத்தரவாதத்தை நாம் தந்ததில்லையே. வன உரிமைச் சட்டம் கேட்பது கண்மூடித்தனமான நம்பிக்கையை இல்லை. முடிவு யாரைப் பாதிக்கிறதோ அவர் அந்த முடிவில் இருக்க வேண்டும் என்பதைத்தான்.

இடம்பெயர்ப்பு விஷயத்திலும் இதுவே அளவுகோல். யானைத் தொல்லை, மருத்துவமனை தூரம், பிள்ளைகளின் படிப்பு என்று வெளியே வர விரும்பும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைக் காட்டிலேயே இருங்கள் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வதும் அநீதிதான். முதலில் உரிமையைப் பதிவு செய்து, பிறகு போகலாமா இருக்கலாமா என்று கேட்டால் அது தேர்வு. உரிமையைப் பதியாமல், சாலையும் மின்சாரமும் தராமல் வைத்திருந்துவிட்டு, 'அவர்களாகவே கேட்டார்கள்' என்று சொல்வது தேர்வு ஆகாது.

எது சான்று?

2010ஐ ஒட்டி பி.ஆர். மலை புலிகள் காப்பகமாகும் பேச்சு தொடங்கியபோது, தங்களை மொத்தமாக வெளியேற்றிவிடுவார்களோ என்று சோளகர்கள் அஞ்சினார்கள். வன உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார்கள். 2011 அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக உரிமைப் பத்திரம் கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படி நடந்தது இந்தியாவில் அதுவே முதல் முறை. மலையின் இந்தப் பக்கம், ஈரோடு மாவட்டத்துச் சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானது. அங்கும் தாளவாடி, ஆசனூர், பர்கூர்ப் பக்கம் அதே சோளகர்கள்தான், மாநில எல்லைதான் நடுவில் ஓடுகிறது.

விண்ணப்பத்தோடு என்ன சான்று வைத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடம் ஆவணம் எங்கே இருக்கும்? ஆய்வாளர்களோடு சேர்ந்து பெரியவர்கள் காடெங்கும் நடந்து ஒரு வரைபடம் தயாரித்தார்கள். அரசின் வரைபடத்தில் வெறும் பச்சையாக இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கான பெயர்கள் முளைத்தன. ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் எல்லை, அந்த எல்லைக்குள் வழிபாட்டு இடங்களான தேவரு, மாரம்மா, வீரு, முன்னோரைப் புதைத்த இடத்தில் நட்ட கல்லுகுடி, நீர் வரும் அப்பி. தொட்ட சம்பிகே என்று அவர்கள் வணங்கும் மாபெரும் செண்பக மரமும் அதில் உண்டு.

வன உரிமை விதிகளில் சான்று பற்றிய 13ஆம் விதி இருக்கிறது. அரசுப் பதிவேடு, வாக்காளர் அட்டை, நீதிமன்ற ஆவணம் எல்லாம் அதில் வரிசையாக வரும். அதே வரிசையில் கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் போன்ற பழைய அடையாளங்களும் சான்று. விண்ணப்பதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லி, எழுதி வாங்கிய வாக்குமூலமும் சான்று.